புரூஸ் தடத்தில் நான்கு நாட்கள்



2023 ஒக்டோபர் மாதத்தில் நானும் மனைவியும் நான்கு பகலும் மூன்று இரவும் முதுகில் பையைச் சுமந்துகொண்டு, புரூஸ் தடத்தின் வட கோடியில் நடந்து, கூடாரமடித்துப் படுத்து எழும்பி வந்தோம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கதையை எடுத்தவுடன் எங்கள் சனத்திடமிருந்து என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். போவதற்கு முதற் கிழமை கோயிலில் ஒரு அம்மா கேட்டார்: “தம்பி, நாங்கள் மூட்டை தூக்கி நடந்தது காணாதே? காசு குடுத்தும் அகதியாப் போகவேணுமே?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நானல்ல. நான் 1988 இல் விமானத்தில் வந்து இறங்கியவன். நடந்தவர் மனைவி. ஆகவே இந்தப் பேச்சை எழுதி முடித்ததும் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தை வெட்டினார். மிச்சத்தைச் சொல்லலாம் என்றார்.

முதலில் இந்தத் தடம் எது என்று சொல்லிவிடுகிறேன். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்க்காத தமிழ் வீடு ரொறன்ரோவில் இல்லை. ஊரிலிருந்து வந்தாலென்ன, லண்டன், பாரிசிலிருந்து வந்தாலென்ன, விருந்தாளிகளை முதற் கிழமையே அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்து அனுப்பிவிடுவோம். அந்தத் தண்ணீர் குதித்து விழுகிற பாறை விளிம்பு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஹமில்ரன், மில்ரன், கலிடன், ஓவன் சவுண்ட் என்று வடக்கே ஓடி, புரூஸ் தீபகற்பத்தின் நுனியில் ரொபர்மோரி என்ற சின்னத் துறைமுக ஊரில் தண்ணீருக்குள் இறங்குகிறது. இந்தப் பாறைச்சரிவு முழுவதையும் யுனெஸ்கோ 1990 இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதன் விளிம்போடு விளிம்பாக, நயாகராவுக்குப் பக்கத்திலுள்ள குயின்ஸ்ரனிலிருந்து ரொபர்மோரி வரை ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளத்துக்குப் போகும் கால்நடைப் பாதைதான் புரூஸ் தடம்.

இதை அரசாங்கம் போடவில்லை. ஹமில்ரனில் உருக்காலையில் வேலை செய்த றே லோஸ் என்பவர் 1960 இல் இந்த யோசனையைச் சொன்னார். பிலிப் கொஸ்லிங் என்பவரும் தொண்டர்களும் சரிவோரமாகக் காணி வைத்திருந்தவர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டி, உங்கள் வளவுக்குள்ளால் சனம் நடந்து போகலாமா என்று கேட்டுத் திரிந்தார்கள். 1967 இல் தடம் திறக்கப்பட்டது. இன்றைக்கும் பல இடங்களில் அது தனியார் காணிகளுக்குள்ளாலேயே போகிறது. பெரும்பாலும் பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. கைகொடுத்துச் சொன்ன வாக்குத்தான். வேலி, எல்லைக்கல், காணி வழக்கு என்றே வளர்ந்த எங்களுக்கு இது நம்ப முடியாத சங்கதி. ஒருவர் தடத்தை விட்டு விலகி அப்பிள் பிடுங்கினாலோ நெருப்பு மூட்டினாலோ காணிக்காரர் அடுத்த நாளே வழியை மூடிவிடலாம். அப்படி மூடப்பட்டு, தடம் வீதியோரமாகச் சுற்றிப் போகிற இடங்களும் இருக்கின்றன.

வழி காட்டுவதற்கு மரங்களில் வெள்ளை மை பூசியிருப்பார்கள். ஆறு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், அவ்வளவுதான். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடு இருந்தால் திரும்பப் போகிறது என்று அர்த்தம். மேற்கோடு எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நீலக் கோடு என்றால் அது கிளைப்பாதை. இதைத் தெரிந்துகொண்டால் ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவும் வழி தவறமாட்டா.

900 கிலோமீற்றரையும் ஒரே மூச்சில் நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஒரு மாதம் லீவு வேண்டும். மற்றவர்கள் துண்டு துண்டாக, வருடக்கணக்கில் நடந்து முடிப்பார்கள். நாங்கள் அந்தக் கட்சி. 2014 இல் மில்ரனுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினது. பிள்ளைகள் இரண்டாம் வருடமே கழன்றுவிட்டார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. குசினிச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, நடந்த துண்டுகளுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டு வந்தோம். 2023 வசந்தகாலத்தில் கோடு 540 கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது.

இதுவரை நடந்ததெல்லாம் ஸ்காபரோவில் காலையில் வெளிக்கிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த நடைகள். மிச்சமிருப்பது வடக்கு. ரொபர்மோரி ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். நாலு மணித்தியாலம் ஓடி, நாலு மணித்தியாலம் நடந்து, பிறகு நாலு மணித்தியாலம் திரும்பி ஓட முடியாது. தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பகுதியில் தங்கி நடப்பதென்றால் கூடாரம்தான். அங்கேதான் எங்கள் வீட்டில் விசயம் நின்றுபோயிருந்தது. நான் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்று எனக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி. நேயர்களில் பலருக்கு அந்தத் திகதியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில், மழைக்குள், செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்த நாள். மனைவிக்கு அப்போது வயது 24. தாயோடு நடந்தார். 1996 சித்திரையில் கிளாலியால் வன்னிக்குப் போனார்கள். அக்கராயனிலும் பிறகு மல்லாவியிலும் தறப்பாளுக்குக் கீழே மூன்று மாரி இருந்தார்கள். எங்களுக்குக் கலியாணம் 2001 இல். இத்தனை வருடத்தில் அவர் இதைப் பற்றி என்னோடு கதைத்தது மொத்தமாக ஒரு மணித்தியாலம் வராது. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட முகாமுக்கு உதவியாளராகப் போகச் சொல்லிக் கேட்டபோதும், சொந்தக்காரர் அல்கொன்குவின் பூங்காவுக்குக் கூப்பிட்டபோதும், ‘நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ’ என்றுதான் சொல்லியிருக்கிறார்.

2023 ஆனியில் ஒரு நாள் வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அவரே சொன்னார்: “உந்த மேல் துண்டைப் படுத்து எழும்பித்தான் நடக்கலாம் என்ன? அப்ப படுப்பம்.” ஆனால் சில சொல்லுகள் சொல்லியே ஒத்துக்கொண்டார். தன் பையைத் தானே தூக்குவார். கார்த் திறப்பு தன்னிடம்தான் இருக்கும். எந்த இரவு, எத்தனை மணிக்கு ‘வெளிக்கிடுவம்’ என்று சொன்னாலும் நான் ஏன் என்று கேட்கக்கூடாது. கூடாரம் நீல நிறமாக இருக்கக்கூடாது. நான் சாம்பல் நிறத்தில் வாங்கினேன்.

ஏன் இலையுதிர் காலம் என்று கேட்பீர்கள். கோடையில் அந்தப் பூங்கா திருவிழாக் கூட்டம். நன்றியறிதல் நாள் வாரவிறுதியும் அப்படித்தான். அதற்கு அடுத்த கிழமை திங்கள் தொடக்கம் வியாழன் வரை போனோம். நுளம்பு இல்லை, வியர்வை இல்லை. மேப்பிள் மரங்களில் பாதி சிவப்பு, பாதி ஏற்கெனவே நிலத்தில். ஒரு சின்ன விசயம்: மஞ்சள் நிறம் இலைக்குள் கோடை முழுவதும் இருக்கிறதுதான். பச்சையம் குறைய அது வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படியல்ல. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருக்கையில், இலை விழப்போகிற நேரத்தில் மரம் அதைப் புதிதாகச் செய்கிறது.

ஆனால் ஒக்டோபரில் விளையாட்டில்லை. இரவில் பூச்சியத்துக்குக் கிட்ட வரும். மாலை ஏழு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆகப் பெரிய எதிரி குளிரல்ல, நனைந்த பருத்தி. எங்கள் ஆட்கள் ஜீன்சும் பருத்தி ரீசேட்டும் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளுக்குக் கம்பளி அல்லது செயற்கை நூல், நடுவில் கம்பளிச் சுவெற்றர், வெளியில் மழைச் சட்டை என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஏறும்போது ஒன்றைக் கழற்றி, நிற்கும்போது திரும்பப் போட்டுவிட வேண்டும். படுப்பதற்கென்று ஒரு சோடி உலர்ந்த உடுப்பை பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்து, செத்தாலும் பகலில் அதைத் தொடக்கூடாது.

பையின் பாரம் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. மனைவிக்கு 54 கிலோ. ஆகவே பை 10 கிலோ. அவர் குசினித் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். இரண்டாவது துவாயை வெளியே எடுத்தார். எனது மூன்றாவது காற்சட்டையையும் எடுத்தார்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையேறுகிறவர்களுக்கென்று கடைகளில் உலர வைத்த சாப்பாட்டுப் பைக்கற்றுகள் விற்கிறார்கள். யானை விலை. எங்கள் பாட்டிமார் இதை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். புழுக்கொடியல் என்ன? அவித்துக் காய வைத்த கிழங்கு. பாரமில்லை, பழுதாகாது, கடிக்கக் கடிக்க ஒரு மணித்தியாலம் வாய்க்கு வேலை. பனாட்டு என்ன? பழக்களியைப் பாயில் ஊற்றிக் காய வைத்தது. அதையே இங்கே வேறு பழத்தில் சுருட்டி, பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்கென்று விற்கிறார்கள். நாங்கள் புழுக்கொடியல், எள்ளுருண்டை, வறுத்த உழுத்தம்மா, பனங்கட்டி, உலர்ந்த இடியப்பம், பொடித்த சம்பல் என்று கட்டினோம். இடியப்பத்தைக் காய வைத்துக் கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் நனைத்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு தயார். கருவாடு மட்டும் வேண்டாம். கரடி வரும். சாப்பாடு மட்டுமல்ல, மணக்கிற எதையும் கூடாரத்துக்குள் வைத்திருக்கக்கூடாது. பற்பசை, சவர்க்காரம், சித்தாலேப எல்லாம் இரவில் தள்ளி வைக்க வேண்டும். முழங்காலுக்குச் சித்தாலேப பூசிக்கொண்டு படுக்கிற என்னைக் கரடி என்ன செய்யும் என்று மனைவி கேட்டார். அதற்குப் பூங்கா உத்தியோகத்தரிடமும் பதிலில்லை.

முதல் இரவு சைப்ரஸ் ஏரியில், காரைப் பக்கத்தில் விட்டுப் படுக்கிற இடத்தில் தங்கினோம். அது ஒத்திகை. மனைவி இரவு முழுவதும் திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நித்திரை வந்ததா என்று நான் கேட்கவில்லை. காலையில் பிளேன் ரீ ஊற்றினார். “அடுத்த இடத்துக்குப் போவம்” என்றார்.

ஒரு கார் வைத்திருக்கிற இரண்டு பேருக்கு இப்படி நடப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடந்து முடிகிற இடத்தில் கார் நிற்க வேண்டும், தொடங்குகிற இடத்துக்கு யாராவது கொண்டுபோய் விட வேண்டும். நாங்கள் காரைச் சைப்ரஸ் ஏரியில் விட்டுவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் காசு கொடுத்துக் கிரேன் ஏரி வீதி முடிவில் இறங்கினோம். அங்கிருந்து காட்டுக்குள்ளால் நடந்தால் ஹை டம்ப் என்ற முகாமிடம். பெயர் வந்த காரணம், அந்தக் காலத்தில் மரந்தறிக்கிறவர்கள் குற்றிகளை மலை விளிம்பிலிருந்து கீழே தண்ணீருக்குள் தள்ளிவிட்ட இடம் அது. இப்போது அங்கே காட்டுக்குள் மரப்பலகை மேடைகள், மலசலகூடம், சாப்பாட்டைக் கரடிக்கு எட்டாமல் வைக்க ஒரு ஏற்பாடு, அவ்வளவும் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் இல்லை. ஜோர்ஜியன் குடாவில் அள்ளி வடித்துக் குடிக்க வேண்டும். நெருப்பு மூட்டவும் அனுமதியில்லை, சின்ன வாயு அடுப்புத்தான்.

போய்ச் சேர்ந்து பையை இறக்கினதும் மனைவி செய்த முதல் வேலையைச் சொல்ல வேண்டும். கூடாரத்தைத் தொடவில்லை. வந்த வழியே திரும்பி மேலே ஏறினார். நானும் பின்னால் போனேன். மேட்டில் வழி பிரிகிற இடம் வரைக்கும் நடந்து, மரங்களில் இருந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். 41. பிறகு இறங்கும்போது திரும்ப எண்ணினார். எங்கே வேர் குறுக்கே கிடக்கிறது, எந்தப் பாறை வழுக்குகிறது என்று கைவிளக்கை அடித்துப் பார்த்தார், பகலில்தான். இரவில் வெளியேற வேண்டி வந்தால் எப்படி என்று தெரிந்துகொண்டுதான் சப்பாத்தைக் கழற்றினார்.

அன்றிரவு இரண்டு மணி போல மழை பிடித்தது. கூடாரத்தின் மேற்சீலையில் மழை விழுகிற சத்தம் எனக்கு வெறும் சத்தம். அவர் எழும்பி இருந்தார்.

“இஞ்சேருங்கோ, லைற்றைப் போடுங்கோ.”

“என்ன, வெளிக்கிடப் போறீரோ?”

“இல்லை. கயிறு பாக்கவேணும்.”

“நீர் படும், நான் பாக்கிறன்.”

“உங்களுக்குத் தெரியாது. நீங்கள் லைற்றைப் பிடியுங்கோ, காணும்.”

மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் வாசலில் இருந்து விளக்கைப் பிடித்தேன். நாலு பக்கக் கயிற்றையும் இழுத்து, தொய்ந்திருந்ததை முடிச்சுப் போட்டு, மேற்சீலை உட்சீலையில் தொடாமல் இழுத்துக் கட்டினார். குனிந்து மேடையைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “இது பலகை. வாய்க்கால் வெட்டத் தேவையில்லை.” மல்லாவியில் மழை தொடங்கினால் தாயும் மகளும் செய்கிற முதல் வேலை தறப்பாளைச் சுற்றி மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டுவதுதானாம்.

உள்ளே வந்து உலர்ந்த உடுப்பை மாற்றினார். அதற்குப் பிறகு சொன்னதை அவர் வெட்டாமல் விட்டிருக்கிறார், ஆகவே சொல்கிறேன். இடம்பெயர்ந்த இரவு மாமி சைக்கிள் கரியரில் தையல் மெசினின் தலையைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தாராம். உடுப்புப் பையை மகள் தூக்கினார். நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க முடியாத நெரிசல். கைதடிக்கு வந்தபோது சைக்கிளின் பின் சில்லு நெளிந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் மெசினை வைத்து, சாக்கால் மூடி, “பிறகு வந்து எடுக்கிறம் பிள்ளை” என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்களாம். எடுக்கவில்லை. ஆனால் மெசினுக்கு விடுகிற எண்ணெய்ப் போத்தல் மாமியின் கைப்பையில் இருந்திருக்கிறது. அதை மாமி எறியவில்லை. சாவகச்சேரி, கிளாலி, அக்கராயன், மல்லாவி என்று அது கூடவே போயிருக்கிறது. மல்லாவியில் தறப்பாள் கம்பில் ஒரு ஆணியில் தொங்கினதாம். மழைக் காற்றுக்கு அது கம்பில் தட்டுகிற சத்தம் இரவு முழுவதும் கேட்குமாம்.

மாமி 2003 இல் கனடாவுக்கு வந்தார். எங்கள் நிலவறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு எத்தனையோ சட்டை தைத்துத் தந்தார். 2011 இல் காலமானார். அந்தப் போத்தலைப் பற்றி ஒரு சொல் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கத் தெரியாமல் இருந்தேன்.

“இப்ப அந்தப் போத்தல் எங்கை?” என்று கேட்டேன்.

“கொழும்பில லொட்ஜில விட்டிட்டு வந்தனாங்கள்,” என்றார். கொஞ்ச நேரத்தில் மூச்சு மாறியது. நித்திரையாகிவிட்டார். மழை விடியுமட்டும் பெய்தது. அதைக் கேட்டுக்கொண்டு முழித்திருந்தது நான்தான்.

மூன்றாம் நாள், ஹை டம்பிலிருந்து ஸ்ரோம் ஹேவன் வரை. புரூஸ் தடத்தில் நாங்கள் நடந்ததில் ஆகக் கடினமான துண்டு இதுதான். சம தரையில் மணித்தியாலத்துக்கு நாலு, ஐந்து கிலோமீற்றர் நடக்கிறவர்கள் இங்கே இரண்டு போனால் பெரிய காரியம். சுண்ணாம்புப் பாறை வெடித்துப் பிளந்து கிடக்கிறது. ஈர இலை பிளவை மூடியிருக்கும், காலை வைத்தால்தான் தெரியும். இரண்டு கையிலும் தடி இல்லாமல் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் இறங்க வேண்டாம். பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் கீரிமலைக் கேணியைப்போலப் பச்சையும் நீலமுமாக இருக்கிறது. குளிரோ எலும்பைத் தொடும்.

அந்த விளிம்பில் சீடர் மரங்கள் முறுகிப்போய்த் தொங்குகின்றன. கை மொத்தம்தான் இருக்கும், பற்றை என்று நினைத்துப் பிடித்து ஏறப் பார்ப்பீர்கள். பிடிக்காதீர்கள். மண்ணே இல்லாத பாறைப் பிளவில் மிக மெதுவாக வளர்வதால் அவை பல நூறு வருடம் வாழ்கின்றன. குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் கடைசியில் வளையங்களை எண்ணத் தொடங்கி, ஆயிரம் வயதைக் கடந்த மரங்களும் இந்தச் சரிவில் இருப்பதைக் கண்டார்கள்.

இந்தத் தீபகற்பத்தின் சொந்தக்காரரைப் பற்றியும் ஒரு சொல். இது சோகீன் ஒஜிப்வே மக்களின் நிலம். 1836 இல் தெற்கேயிருந்த 15 இலட்சம் ஏக்கரை விட்டுக்கொடுத்தால், இந்தத் தீபகற்பத்தை வெள்ளைக் குடியேற்றக்காரர் பிடிக்காமல் காத்துத் தருவோம் என்று முடியரசு அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது. 18 வருடம் கழித்து, 1854 இல், காக்க முடியாது என்று சொல்லித் தீபகற்பத்தின் பெரும் பகுதியையும் எழுதி வாங்கியது. 2021 இல் ஒன்ராறியோ உயர் நீதிமன்றம், முடியரசு அந்த வாக்கை மீறியது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ரொபர்மோரியிலிருந்து மனிற்றூலின் தீவுக்குப் போகிற பெரிய கப்பலின் பெயர் சீ-சீமான். ஒஜிப்வே மொழியில் பெரிய வள்ளம் என்று அர்த்தம். மனைவிக்கு இந்த 1836, 1854 கதையை மதியச் சாப்பாட்டு நேரம் சொன்னேன். “வாக்குக் குடுத்தவை, பிறகு காக்க ஏலாது எண்டவை,” என்று சொல்லிவிட்டு எள்ளுருண்டையைப் பாதியாக உடைத்துத் தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

வழியில் ஹாஃப்வே லொக் டம்ப் கடற்கரை போன்ற கல்லுக் கரை வருகிறது. தேங்காயளவு வெள்ளைக் கற்கள், நடந்தால் கணுக்கால் பிரளும். அங்கே இருந்து சப்பாத்தைக் கழற்றி அரை மணித்தியாலம் காலை நீட்டியிருந்தோம். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஸ்ரோம் ஹேவனுக்குப் போய்ச் சேர மாலை ஐந்தரை. அன்றைக்கு அவர் அடையாளம் எண்ணப் போகவில்லை. கூடாரத்தை அவரே அடித்தார், நான் கம்பு எடுத்துக் கொடுத்தேன். இரவு ஒரு தடவை எழும்பி வெளியே போய்க் கனநேரம் வரவில்லை. என்ன என்று பார்க்கப் போனால் கல்லொன்றில் இருந்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஊர் வெளிச்சம் மிகக் குறைவு. பால்வீதி கோடு போட்டதுபோல் தெரிந்தது. “மல்லாவியில உப்பிடித்தான் தெரியும்” என்றார்.

நாலாம் நாள் இந்தியன் ஹெட் குடா, குரொட்டோ என்கிற குகை வழியாகக் கார் நின்ற இடத்துக்கு வந்தோம். குகையடியில் சனம் படமெடுத்துக்கொண்டு நின்றது. எங்கள் உடுப்பையும் நாற்றத்தையும் பார்த்து வழிவிட்டார்கள். காருக்குள் ஏறியதும் மனைவி திறப்பை என்னிடம் நீட்டினார். வயர்ரனில் நின்று கோப்பி வாங்கினோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விசயம். காட்டுக்குள் இருக்கும் இரண்டு முகாமிடத்துக்கும் பார்க்ஸ் கனடாவில் முன்பதிவு செய்யாமல் போக முடியாது. ஒக்டோபர் வாரவிறுதி வேண்டுமென்றால் வருடத் தொடக்கத்திலேயே பாருங்கள், வேலை நாட்களில் என்றால் இடம் கிடைப்பது சுலபம். கைத்தொலைபேசி பல இடங்களில் பிடிக்காது. எந்த இரவு எங்கே படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒன்ராறியோவின் ஒரே விசப்பாம்பு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வாலால் கிலுக்கி எச்சரிக்கும், சின்னப் பாம்பு. ஒக்டோபர் நடுப்பகுதியில் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே போயிருக்கும். நவம்பரில் மான் வேட்டைக் காலம் வருவதால், தனியார் காணிக்குள்ளால் போகிற துண்டுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்க்காமல் வெளிக்கிடாதீர்கள். முதன்முதலாக நடப்பவர்கள் ரொபர்மோரிக்கு ஓட வேண்டாம். மில்ரனிலும் ஹமில்ரனிலும் இதே வெள்ளைக் கோடு இருக்கிறது, இரண்டு மணித்தியாலத்தில் போய்த் திரும்பலாம். வீட்டில் ஒருவர் கூடாரம் வேண்டாம் என்று சொன்னால் அவரைக் கூடாரத்துக்கு இழுக்காதீர்கள். பகல் நடைக்கே 500 கிலோமீற்றர் கிடக்கிறது.

குசினிச் சுவரில் எங்களுக்கு இன்னும் 300 கிலோமீற்றருக்கு மேல் கோடு போடாமல் இருக்கிறது. அடுத்தது லயன்ஸ் ஹெட் பக்கம். நாலு இரவு என்று மனைவி கணக்குப் போட்டிருக்கிறார். எண்ணெய் தடவாத பனாட்டு எங்கே வாங்கலாம் என்று தெரிந்த நேயர்கள் நிலையத்துக்கு அழைத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.